அண்ணன் பெயரில் ஒரு சீட்

அண்ணனின் நகங்களுக்கு அடியில் படிந்திருந்த கருப்புக் கறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அண்ணி. இடது கையை முடித்து வலது கைக்கு வந்தவள், மணிக்கட்டு வரை சுற்றியிருந்த கட்டைப் பார்த்ததும் துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. அது போகாது," என்றான் தம்பி.

"நேத்து காலைல சோப்பு தீந்துபோச்சுன்னாரு. நான் வாங்கி வைக்கல."

அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே பட்டறை. இடிபட்டு வரும் கார்களுக்கு அண்ணன் தகரம் நிமிர்த்துவான், இவன் பெயின்ட் அடிப்பான். பேட்டரி கார்கள் வரத் தொடங்கியபோது, "சத்தமே இல்லடா, உசிரோட இருக்கா செத்துப்போச்சான்னே தெரியல" என்று அண்ணன் சிரித்தான். சிரித்துவிட்டு நேராக மேனேஜரிடம் போய், இந்த வண்டிகளுக்கென்று பயிற்சி நடக்கிறதாமே, அனுப்புங்கள் என்று கேட்டான். பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தான். "நீ போயிட்டா இங்க வண்டிய யாரு பாக்கிறது?" என்பார் மேனேஜர்.

நேற்று வந்தது, பக்கவாட்டில் நசுங்கிய பேட்டரி கார். வண்டிக்காரர் உடனே வேண்டுமென்று நெருக்கிக்கொண்டிருந்தார். முன்பக்கத்துச் சின்ன பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "கரண்ட எடுத்தாச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்ன பிறகுதான் அண்ணன் கட்டரைக் கையில் எடுத்தான். தரைத் தகரத்துக்குப் பின்னால் ஓடிய வேறொரு வயரில் கட்டர் பட்டது. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி அதன் அடியில் விழித்துக்கொண்டே இருந்தது. பெயின்ட் அறைக்குள் இருந்த தம்பிக்கு, ஆள் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

மதியம் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அண்ணனின் உடலுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். பிறகு தம்பியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"பயிற்சிக்கு உங்க அண்ணன் பேர்ல சீட் போட்டிருந்தேன்பா. வர திங்கக்கிழமை. இனிமே டிங்கரிங்கையும் நீதான் பாக்கணும். நீ போயிட்டு வந்துடு."

சுவரில் சாய்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "அங்க என்ன சொல்லித் தருவாங்க?"

"அந்த வண்டிகள்ல எப்படி ஜாக்கிரதையா..." என்று ஆரம்பித்த மேனேஜர், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அம்மா மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு தம்பி சொன்னான், "நான் போகல அண்ணி. அந்தப் பட்டறை வாசலையே மிதிக்க மாட்டேன்."

"வேற எங்க போவீங்க?"

பெயின்ட் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் அவன் கை அறியாது.

"பயிற்சிக்குப் போங்க தம்பி," என்றாள் அண்ணி. "போகலன்னாலும் அதே வண்டியத்தான் தொடப்போறீங்க."

திங்கட்கிழமை போனான். பயிற்சி தந்த பெண் அழுத்தமில்லாமல், சமையல் குறிப்பு சொல்வதுபோலப் பேசினாள். ஒரு காரின் பின்சீட்டைத் தூக்கி, கீழே இருந்த, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற பிளக்கை ஒரே இழுப்பில் வெளியே எடுத்தாள். கையகலம்தான் இருந்தது.

"அவ்வளவுதான். இத எடுத்து உங்க பாக்கெட்ல போட்டுக்கங்க. அப்புறம் பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க. மிச்சம் மீதி கரண்ட் தானா வடிஞ்சிடும். மீட்டர் வச்சுப் பாத்துட்டு வேலைய ஆரம்பிக்கலாம்."

"அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்றது மேடம்?" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். போய் டீ குடிச்சிட்டு வாங்க."

சிரித்தபடி எல்லோரும் வெளியே போனார்கள். தம்பி மட்டும் காருக்கு அருகில் நின்றான். சற்று நேரத்தில், கேள்வி கேட்டவர் டம்ளரோடு உள்ளே வந்தார்.

"நீங்க வரலயா? ஆறிடப்போகுது."

"இன்னும் பத்து நிமிஷம் ஆகல," என்றான்.

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். டீயின் மேல் மெல்ல ஆடை படிந்தது.