விரல் அசையும் வரை

"இந்தக் கையைத் தூக்கித் தலையணை மேல வைங்க. அது பாட்டுக்குத் தொங்குது."

அறுவைச் சிகிச்சை முடிந்து அறைக்கு வந்ததும் மனைவி சொன்ன முதல் பேச்சு அது. அவர் அவளுடைய இடது கையை இரு கைகளாலும் ஏந்தி வைத்தார். ஈரத்துணி மூட்டை போலக் கனத்தது. அவளுக்கு இடக்கைப் பழக்கம்; முப்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்துத் தையலுக்குத் துணி வெட்டியதில் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. புற்றுநோய் எலும்புக்குள் இறங்கி, போன வாரம் அரை வாளித் தண்ணீரைத் தூக்கும்போது மேல்கை முறிந்துவிட்டது. இப்போது உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

"அடுத்த வீட்டுக்காரி கை மாதிரி இருக்குங்க. எங்கயாவது மறந்து வச்சுட்டுப் போயிடாதீங்க."

அன்று மதியம், அறுவைக்கு முன்னால், மயக்க மருந்து டாக்டரிடம் அவள் பேசிய பேச்சு அவருக்கு இன்றும் வரி மாறாமல் நினைவிருக்கிறது.

"கழுத்துப் பக்கம் நரம்பைச் சுத்தி ஊசி போட்டா கை மரத்துப்போகும்மா. அந்த மருந்து தனியா ராத்திரி வரைக்கும்தான் தாங்கும். கூட இன்னொன்னு சேர்த்தா காலை வரைக்கும் இழுக்கும்."

"என்ன சேர்ப்பீங்க?"

"ரெண்டு இருக்கு. ஒன்னு ஸ்டீராய்டு. இன்னொன்னும் நல்லா வேலை செய்யும், ஆனா கண்ணைச் சொக்க வைக்கும்."

"சொக்குறது வேணாம் டாக்டர். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என் பொண்ணு வர்றா. பத்து மணிக்கெல்லாம் விமானத்துக்குக் கிளம்பிடுவா. நான் முழிச்சிருக்கணும், முனகாமலும் இருக்கணும்."

டாக்டர் சீட்டில் குறித்துக்கொண்டார். "சரி, ஸ்டீராய்டு சேர்க்கிறேன். ஆனா மணி குறிச்சு வாக்குக் கொடுக்க முடியாதும்மா. ஆளுக்கு ஆள் மாறும்."

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அம்மா வலியில் துடிப்பதைப் பார்த்தால் அவள் பயணத்தை விட்டுவிடுவாள். இன்னும் சில மாதங்கள்தான் என்பது கணவன் மனைவி இருவருக்கும் தெரியும். மகளிடம், விழுந்து கை முறிந்தது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

செவிலி வந்து, "விரல் லேசா அசைஞ்சாலும் உடனே மணி அடிங்க சார். வலி முத்திட்டா மாத்திரைக்குக் கேட்காது. போட்டா தூங்கிடுவாங்க, பரவாயில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் காவல் வேலை அவருடையதாயிற்று.

மறுநாள் காலை மகள் சொன்னபடி எட்டு மணிக்கு வந்துவிட்டாள். வலப்பக்கம் உட்கார்ந்து, அம்மாவின் தலையை வாரிவிட்டபடி போகப்போகிற ஊரைப் பற்றிப் பேசினாள். அவர் இடப்பக்கம், போர்வைக்குள் அந்தக் கையைப் பிடித்தபடி இருந்தார்.

எட்டே முக்காலுக்கு அவர் உள்ளங்கையில் கட்டைவிரல் துடித்தது. ஒரே ஒரு முறை.

அவர் மணிப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். விரல் மறுபடி அசைந்தது. இந்த முறை, வேண்டாம் என்பது போல அழுத்தியது. வலுவே இல்லாத அழுத்தம்தான். ஆனாலும் அவர் கை அப்படியே நின்றது. அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"வலிக்குதாம்மா?"

"மரக்கட்டைடி. உங்கப்பா அதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் பிடிக்கல."

மகள் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார். அப்போதே மணியை அடித்திருக்க வேண்டுமோ என்று, மனைவி இறந்து மூன்று வருடமாகியும் அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அங்க துணி காயப்போட இடம் இருக்கா?" என்று அவள் மகளிடம் கேட்டாள். நெற்றியோரம் வேர்வை அரும்பியிருந்தது. மகள் அதைத் தண்ணீர் தொட்டு வாரிய ஈரம் என்று நினைத்து முந்தானையால் ஒற்றினாள். பத்து மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. போர்வைக்கு அடியில் அந்தக் காய்த்த விரல், நீளத் துணியில் கத்தரி வெட்டி வெட்டி முன்னேறுவது போல, அவர் உள்ளங்கையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தது.