ஐந்து நிமிடக் கொசுறு

பெரியப்பா ஏலத்துக்குப் போனது ஒரு தார்ப்பாய் வாங்க. திரும்பி வந்தது நாற்பத்து நான்கு இருக்கைகள் கொண்ட இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானத்தோடு. தார்ப்பாய் அந்த விமானத்துக்குள்ளே சுருட்டிக் கிடந்தது. அதை மட்டும் தனியாகத் தர முடியாது என்று ஏலக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று தலைமுறையாக ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற எங்கள் குடும்பத்தில், "சேர்த்து எடுத்தா என்ன குறைப்பீங்க?" என்று கேட்காமல் ஒரு இடத்தை விட்டு நகர்வது குலத்துக்கே இழுக்கு. கேட்டார். அந்தப் பாவிகள் குறைத்துவிட்டார்கள்.

பெரியம்மா விமானத் திடலுக்கு வந்து, விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அப்புறம் பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவ எனக்கு மூத்தவளா, இளையவளா?" தயாரித்த வருடத்தைப் பார்த்ததில் இரண்டு வயது மூத்தவள். அன்றிலிருந்து அந்த விமானத்துக்கு எங்கள் வீட்டில் சக்களத்தி என்றுதான் பெயர்.

சக்களத்தி எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு இடங்களில் வாழ்க்கைப்பட்டவள். முதலில் ஒரு குளிர்நாட்டு அரசாங்கத்திடம் இருந்தாள். அதற்குச் சாட்சியாக ஒவ்வொரு ஜன்னலுக்குப் பக்கத்திலும் கம்பளிக் கோட்டு மாட்டும் கொக்கி உண்டு. பிறகு ஒரு தீவுக் கூட்டத்துக்குத் தபாலும் ஆடுகளும் சுமந்தாள். அதற்குச் சாட்சி, பதினோராம் வரிசையில் ஆடு கடித்த கைப்பிடி. எங்களிடம் இருந்த இருபத்தாறு வருடத்தில் அவள் பார்க்காத வேலை இல்லை. காலையில் பயணிகள், மதியம் துணிப் பேல்கள், சாயங்காலம் செய்தித்தாள்கள். ஒரு முறை நாலாயிரம் கோழிக்குஞ்சுகளை ஏற்றினோம். இறங்கியபோது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஒன்று ஆறு வாரம் கழித்து, பராமரிப்புக்காகத் தரைப்பலகையைத் திறந்தபோது, கொண்டையோடு எழுந்து நின்று மெக்கானிக்கை முறைத்தது. இன்னொரு முறை ஒரு ஓட்டலுக்காகப் பியானோ ஏற்றினோம். உள்ளே போன வாசல் வழியாகவே வெளியே வர மறுத்துவிட்டது. பயணிகளோடு பயணியாகப் பதினோரு நடை பறந்த பிறகுதான், ஓட்டல் தச்சர் வந்து அதன் கால்களைக் கழற்றலாமே என்று கேட்டார். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை.

இந்த ஆட்டமெல்லாம் முடியும் நேரம் வந்தது. திடலை மூடிவிட்டு அங்கே வீடுகள் கட்டப்போகிறார்கள். திங்கட்கிழமை ஓடுபாதையைப் பெயர்க்க ஆரம்பிப்பார்கள். நல்ல காலமாக, ஒரு மணி நேரப் பறப்புத் தூரத்தில் இருந்த விமான அருங்காட்சியகம் சக்களத்தியைக் கேட்டு எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் பறந்து போய்விட்டால் அங்கே கூரையடியில் காலத்துக்கும் இருப்பாள். போகாவிட்டால் பழைய இரும்புக்காரர். அந்த மனிதர் புதன்கிழமையே வந்துவிட்டார். மடக்கு நாற்காலியை இறக்கையின் நிழலில் போட்டு, வெட்டும் இயந்திரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது எழுந்து போய், பூசணிக்காய் வாங்குகிறவர் போல் அவள் வயிற்றை விரலால் தட்டிப் பார்ப்பார். பெரியப்பா ஒவ்வொரு தட்டலுக்கும் முகத்தைச் சுளிப்பார்.

பறக்க அனுமதி தரவேண்டியவர் விமான ஆய்வாளர் அம்மா. காதில் பென்சில், கையில் தராசு பிடித்தாற்போன்ற நிதானம். வியாழக்கிழமை முழுக்க எங்கள் கொட்டகை அலுவலகத்தில் உட்கார்ந்து, சக்களத்தி பிறந்த நாள் முதல் பறந்த நேரமெல்லாம் எழுதிய பதிவேடுகளைக் கூட்டினார். இந்த ரக விமானத்துக்கு இறக்கையின் நடு உத்திரம் அறுபதாயிரம் மணி நேரம் தாங்கும் என்று கணக்கு. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பறக்கக் கூடாது. ஒரு தடவை கூட்டினார். பென்சிலைச் சீவிக்கொண்டு இன்னொரு தடவை கூட்டினார்.

"அறுபதாயிரத்து ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சுங்க, ஐயா. இனி இது எழும்பக் கூடாது."

பெரியப்பா பழக்கதோஷத்தில், அந்த இரண்டைத் தள்ளுபடி செய்து தரச்சொல்லிக் கேட்டார். ஆய்வாளர், இது துணி இல்லை என்றார். அதுதான் பெரியப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்னை என்னன்னு நினைச்சீங்க மேடம்? ஒரு நிமிஷம் குறைச்சு எழுதினவன் இல்லை நான். ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்."

ஆய்வாளரின் பென்சில் காதிலிருந்து கீழே விழுந்தது.

பெரியப்பா நிதானமாக விளக்கினார். எங்கள் கடையில் துணி அளந்தால், அளவு முடிந்த இடத்தில் கத்தரிக்கோல் விழாது. நாலு விரற்கடை தள்ளித்தான் விழும். வாங்கினவர் வீட்டில் போய் அளந்து, குறைகிறது என்று ஒரு நாளும் சொல்லிவிடக் கூடாது. விமானம் வாங்கியதும் பதிவேட்டை வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரே எழுதினார். அதைப் படிக்கப்போகிறவர் அரசாங்கம். அரசாங்கமும் ஒரு வாடிக்கையாளர்தானே. விமானி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று சீட்டுக் கொடுத்தால், இவர் தாராளமாக ஐம்பத்தேழு என்று எழுதுவார். இப்படி இருபத்தாறு வருடம், ஒரு நாள் தவறாமல் கொசுறு போட்டு, ஓடாத ஓட்டத்தை எல்லாம் எழுதிச் சக்களத்தியைக் கிழவியாக்கி வைத்திருந்தார்.

தன் இருபது வருட வேலையில் நேரத்தைக் குறைத்து எழுதினவர்கள் நிறையப் பேரைப் பிடித்திருப்பதாக ஆய்வாளர் சொன்னார். கூட்டி எழுதினவருக்கு அவரிடம் படிவம் இல்லையாம். விமானி எழுதிக் கொடுத்த அசல் சீட்டுகள் எங்கே என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் நான். அவற்றில் பட்டன் பொட்டலம் கட்டிவிட்டோம் என்றேன். எங்களிடம் பட்டன் வாங்கினவர்களெல்லாம் பல வருடமாகச் சக்களத்தி புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் சேர்த்து வாங்கிப் போயிருக்கிறார்கள்.

"அப்ப, எழுதினதுதான் கணக்கு" என்றார் ஆய்வாளர். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். வேற ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க."

வெளியே பழைய இரும்புக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். டங்.

வேறு ஆதாரம் எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு விமானியும் தான் பறந்த நேரத்தைத் தன் சொந்தப் புத்தகத்திலும் எழுதி வைப்பார். முதல் பதினேழு வருடம் சக்களத்தியை ஓட்டியவர் பெரியம்மாவின் தம்பி, எங்கள் கேப்டன் மாமா. அவரும் பெரியப்பாவும் பேசி ஒன்பது வருடமாகிறது. ஒரு வாடிக்கையாளருக்காகப் பெரியப்பா அளவுக்கு மேல் இரண்டு பேல் கொசுறாக ஏற்ற, மாமா அவற்றைக் காலால் உருட்டி ஓடுபாதையில் தள்ளினார். வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா மாமாவை 'டாக்சி டிரைவர்' என்றார். அதற்குப் பிறகு வீட்டு விசேஷங்களில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பெரியம்மா வழியாகத்தான் உப்புக் கேட்பார்கள். போதாக்குறைக்கு, அவருக்குப் பின் ஓட்டியவர்களெல்லாம் வெளியூர் போய்விட, இந்த ரக விமானத்தை ஓட்ட உரிமம் உள்ளவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை மாமா வீட்டுக்குப் போனோம். மாமா மேசையில் பறக்கும் பள்ளி மாணவர்களின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பெரியம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"உன் தம்பிகிட்ட பழைய பறப்புப் புத்தகமெல்லாம் இருக்கான்னு கேளு."

"அக்கா, டாக்சி டிரைவர் வீட்ல அதெல்லாம் எப்படி இருக்கும்னு கேளு."

பேரம் தொடங்கிவிட்டது. பெரியப்பா எதிலும் கீழே இருந்துதான் ஆரம்பிப்பார். டாக்சியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் டிரைவர் அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஓட்டினது உண்மைதானே என்பது அவர் வாதம். மாமா இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார். அப்படியானால் அந்த இரண்டு பேலை உருட்டியதற்கு எதிர்ப்பக்கம் என்ன விட்டுக்கொடுக்கும் என்று பெரியப்பா கேட்டார். ஒரு பேலுக்கு வருத்தம் தெரிவிப்பதாக மாமா இறங்கி வந்தார். ஒன்றரை என்றார் பெரியப்பா.

பெரியம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "நான் போறேன். மிச்சத்தை ரெண்டு பேரும் சைகையில பேசிக்குங்க."

பெரியப்பா சுவரிடமிருந்து கண்ணைப் பிடுங்கி, நாற்காலியைக் கரகரவென்று இழுத்துத் திருப்பி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கடைசி விலையை முதலில் சொல்லாத மனிதர், அன்று சொன்னார்.

"மாப்பிள்ளை, அவளை அறுத்துடுவாங்க."

மாமா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். இரும்பு பீரோவைத் திறந்தார். பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்த ஒன்பது புத்தகங்களை எடுத்துப் பெரியப்பா மடியில் வைத்தார். "சட்டை நம்ம கடைத் துணிதான் அத்தான்" என்றார், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல். பெரியப்பா அந்தச் சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்து, சாயம் நின்றிருக்கிறது என்றார். பெரியம்மா செருப்பைக் கழற்றினார்.

அன்று மத்தியானமே கொட்டகையில் உட்கார்ந்தோம். ஆய்வாளர் மாமாவின் புத்தகத்திலிருந்து வாசிப்பார். நான் எங்கள் பதிவேட்டிலிருந்து பதில் சொல்வேன். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தேழு. ஒரு மணி நாலு. ஒரு மணி ஒன்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. ஆய்வாளர் நடுவில் புத்தகத்தை மூடி, கண்ட இடத்தில் திறந்து பார்த்தார். ஐந்து. வருடம் தாண்டித் திறந்தார். ஐந்து. பியானோ பறந்த பதினோரு நடையிலும் ஐந்து. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு மணி நேரத்துக்குக் குறையாது.

ஆனாலும் அவர் சட்டென்று இளகுகிறவர் இல்லை. விமானி குறைத்து எழுதியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். இதைப் பெரியப்பாவே எடுத்துக்கொண்டார்.

"மேடம், இவனுக்கு மணிக்குத்தான் சம்பளம். இவனாவது, ஒரு நிமிஷம் குறைச்சு எழுதறதாவது."

"அக்கா, இது பாராட்டா திட்டா?" என்றார் மாமா.

ஆய்வாளர் முதல் முறையாகச் சிரித்தார். தப்புப் பண்ணுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ண மாட்டார்கள் என்று சொல்லி, சனிக்கிழமை முழுக்க மெக்கானிக்கோடு இறக்கைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதி எழுதினார். அவசியமான ஆட்கள் மட்டும் ஏறலாம். ஓட்ட மாமா, துணைக்கு அவருடைய பழைய மாணவி, நேரத்தைச் சரிபார்க்கக் கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தோடு ஆய்வாளர். பதிவேடு எழுதப் பெரியப்பா. பெரியம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, "இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னும் லைன் சரியா கிடைக்கலை மேடம்" என்றார் பெரியம்மா. ஆய்வாளர் 'தகவல் தொடர்பு' என்று எழுதினார். காலி விமானத்துக்கு வால்பக்கம் கொஞ்சம் பாரம் தேவைப்பட்டது. ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'எடை' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சக்களத்தி கண் விழித்தாள். இடது விசிறி ஒரு சுற்று யோசித்தது, இரண்டு சுற்று இருமியது, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வலதும் அப்படியே. பழைய இரும்புக்காரரின் மடக்கு நாற்காலி தானாக மடங்கி, திடல் முழுக்க உருண்டு ஓட, அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். நான் வால்பக்கம், இருபத்தாறு வருடமாக அங்கேயே கிடந்த அந்தத் தார்ப்பாய்ச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தேன். ஓடுபாதை தடதடத்தது, கோட்டுக் கொக்கிகள் எல்லாம் ஒன்றாக ஆடின, தடதடப்பு நின்றது. கீழே எங்கள் திடல் கைக்குட்டை அளவாகி, பிறகு பட்டன் அளவாயிற்று. பெரியம்மா ஆடு கடித்த கைப்பிடியைத் தட்டிக்கொடுத்து, "நல்லாத்தான் இருக்கா" என்றார். அவள் விஷயத்தில் பெரியம்மா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. பெரியப்பா காலியான இருக்கைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தார். ஒவ்வொரு இருக்கைத் துணியையும் எந்த வருடம், யாரிடம், என்ன விலைக்குப் பேசி வாங்கினார் என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்க ஆள் இல்லாததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அருங்காட்சியகத்தின் ஓடுபாதை தெரிந்தது. ஓரத்தில் மனிதர்கள் கையசைத்தார்கள். சக்கரங்கள் இறங்கின. கடிகாரம் ஒரு மணி எட்டு நிமிடம் காட்டியது. பெரியப்பா பேனா மூடியைக் கழற்றி, பதிவேட்டை மடியில் விரித்தார். அந்தப் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எட்டு என்று எழுத அவர் கை மறுத்தது.

தரையைத் தொட ஒரு ஆள் உயரம்தான் பாக்கி. அப்போது இரண்டு எஞ்சினும் ஒன்றாக உறுமின. மூக்கு மேலே போயிற்று. கையசைத்தவர்களின் தொப்பிகள் பறந்தன. ஓடுபாதை வயிற்றுக்குக் கீழே வழுக்கிப் பின்னால் போயிற்று. பெரியம்மா என் கையைப் பிடித்தார். ஆய்வாளர் முன்னால் ஓடி, என்ன கோளாறு என்று கேட்டார்.

மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "கோளாறு இல்லை மேடம். எரிபொருள் தாராளமா இருக்கு. அத்தான் கடை வழக்கத்துக்கு ஒரு அஞ்சு நிமிஷம்."

ஆய்வாளர் எரிபொருள் முள்ளைப் பார்த்தார். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார்.

"அஞ்சுதான்" என்றார். "ஆறு ஆகக் கூடாது."

அந்த ஐந்து நிமிடமும் சக்களத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஊரையே பாவாடை மாதிரிச் சுழற்றிக் காட்டினாள். பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். என் தார்ப்பாய் என்னையும் ஏற்றிக்கொண்டு நாலு வரிசை தூரம் வழுக்கிப் போயிற்று.

நின்றதும் ஆய்வாளர் கடிகாரத்தைக் காட்டினார். பெரியப்பா எழுதினார்: ஒரு மணி பதின்மூன்று நிமிடம். மையை ஊதிக் காயவைத்து நீட்டினார். ஆய்வாளர் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

சரியாக மட்டும் இருப்பது பெரியப்பாவுக்குப் போதவில்லை போல. படி இறங்கப் போனவர் திரும்பி உள்ளே வந்து, என்னை எழுப்பிவிட்டு, மாமாவை ஒரு முனை பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கி, அருங்காட்சியகத் தலைவரின் காலடியில் அந்தத் தார்ப்பாயை வைத்தார்கள்.