இரண்டு நிமிஷம் பத்து செகண்ட்

மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மாரம்மா ஒரு விஷயத்தை மறைத்துவிட்டாள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் அருள்செல்வி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, "புள்ளைக்கு உடம்புல ஏதாச்சும் உண்டாம்மா? வீசிங், கண்ணு பார்வை, அந்த மாதிரி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர். நல்லாத்தான் இருக்குது."

பக்கத்தில் நின்ற மகள் வினோதா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மாரம்மா விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. குந்தாரப்பள்ளிப் பக்கம் படித்துக்கொண்டிருந்த பள்ளியில் வினோதாவுக்கு வலிப்பு வந்த மறுநாளே, மற்ற பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் வந்து சண்டை போட்டார்கள். "சரியான அப்பறம் கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லிப் பள்ளிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு நாளில் சரியாக அது என்ன காய்ச்சலா? எட்டு மாதம் பிள்ளை வீட்டிலேயே கிடந்தாள். பிறகுதான் குடும்பம் ஓசூருக்கு வந்தது. கணவன் கங்கப்பனுக்கு பெங்களூருக்குச் சரக்கு வண்டி ஓட்டும் வேலை. மாரம்மாவுக்கு வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்பதே அவளுக்குப் பாதி நிம்மதியாக இருந்தது.

மீதிப் பாதியை மாத்திரை பிடுங்கிக்கொண்டது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முதல் ஷிப்ட் வாரங்களில் ஐந்தேகாலுக்கே கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டில் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போவாள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது என்று வினோதா சில நாள் விழுங்குவாள், சில நாள் அடுப்பு மேடைக்குப் பின்னால் போட்டுவிடுவாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போனில் பதினோரு அழைப்புகள். எல்லாம் பள்ளிக்கூட எண். மாரம்மா கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினாள்.

தலைமை ஆசிரியர் அறையில் பாய் போட்டு வினோதாவைப் படுக்க வைத்திருந்தார்கள். அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் நீளமாக ஒரு கீறல்.

"ஏம்மா, இதெல்லாம் மறைக்கிற விஷயமா?" என்றார் தலைமை ஆசிரியர் வெங்கடசாமி. பயம் இன்னும் அவர் முகத்தை விட்டுப் போயிருக்கவில்லை. "எங்களுக்கு உயிரே போயிடுச்சு."

"சொன்னா சேத்திருப்பீங்களா சார்?"

மாரம்மா பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டீசி மட்டும் குடுத்துடாதீங்க சார். மறுபடி ஊட்ல உக்காந்தா அது பேசறதையே நிறுத்திடும்."

"டீசி பத்தி யாரு பேசினது?" என்றார் அருள்செல்வி. "அந்தக் கீறல் என்னாலதான் மாரம்மா. சாவிக்கொத்தைக் கையில திணிச்சு, காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அதெல்லாம் செய்யக் கூடாதாம். ஆம்புலன்ஸ்ல வந்தவங்க சொன்னப்பதான் தெரியும். நீங்க மறைச்சீங்க, நானும் தெரிஞ்சுக்காம இருந்துட்டேன். சனிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

சொன்னபடியே வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் பாடக்குறிப்பு எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். வாயிலும் கையிலும் எதையும் திணிக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் நூற்றியெட்டுக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

"பள்ளிக்கூடத்துல காலை டிபன் சாப்பிடுறாளே, அப்ப நான் குடுத்துடவா டாக்டர்?" என்று அருள்செல்வி கேட்டபோது மாரம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமான ஒன்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. தோன்றியிருந்தாலும் யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்?

வெங்கடசாமி சார் டாக்டர் கடிதம் கேட்டார், மாரம்மாவின் கையெழுத்தும் கேட்டார். இரண்டையும் வாங்கி ஃபைலில் வைத்தபின், "எனக்கும் ஒரு தடவ சொல்லிக் குடுங்க டீச்சர். நீங்க லீவு போட்டா நான்தான பாக்கணும்" என்றார்.

வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடலாம் என்று டீச்சர் சொன்னதற்குத்தான் மாரம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. வினோதா, "நானே சொல்றேன்மா" என்றாள். இரண்டாம் ஷிப்ட் வாரம் அது. மாரம்மா வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"எனக்கு அப்பப்ப வலிப்பு வரும்" என்று உள்ளே மகளின் குரல் கேட்டது. "கை காலெல்லாம் இழுத்துக்கும். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"வலிக்குமா?" என்றான் ஒரு பையன்.

"தெரியாது. அப்ப நான்தான் இருக்க மாட்டேனே."

"தொட்டா எங்களுக்கும் வருமா?"

"லூசு, அது என்ன சளியா?" என்று ஒரு பெண் அதட்டினாள். எஸ்லின் என்று பிறகு தெரிந்தது. வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மகளின் சிரிப்பும் இருந்தது. மாரம்மா ஜன்னலை விட்டு நகர்ந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். முதல் ஷிப்ட். பதினோரு மணி வாக்கில் சூப்பர்வைசர் ப்ரீதா வேகமாக வந்தாள். "மாரம்மாக்கா, ஆபீஸ் நம்பருக்கு ஸ்கூல்ல இருந்து போன்."

மாரம்மா ஓடிப்போய் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாரம்மா, பதறாதீங்க" என்றார் அருள்செல்வி. "வந்துச்சு, நின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். கண்ணத் தொறந்து பேர் சொன்னா. இப்ப தூங்குறா."

"செகண்ட்கூட பாத்தீங்களா டீச்சர்?"

"நானா? கிளாஸ்ல நவீன்குமார்னு ஒருத்தன், அவன்தான் பாத்தான். நான் ஓடி வர்றதுக்குள்ள, சொல்லிக் குடுத்திருந்த மாதிரி புள்ளைங்களே ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டாங்க."

"நான் உடனே வரட்டுங்களா?"

"வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. வந்தே ஆகணும்னு இல்ல. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

மாரம்மா ரிசீவரை வைத்தாள். "கிளம்புறீங்களா? கேட் பாஸ் போடட்டுமா?" என்றாள் ப்ரீதா. மாரம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு லைனுக்குத் திரும்பினாள். முதல் பத்து ஒயரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். அப்புறம் கை தானாக ஓடியது.

மூன்று மணிக்கு அவள் பள்ளிக்கூடம் போனபோது வினோதா எழுந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். எஸ்லின்தான் முதலில் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க கேர்ள்ஸ் எல்லாம் சுத்தி நின்னோம். அவளுக்கு முதுகு காட்டி, வெளிய பாத்து நின்னோம்."

"முதுகு காட்டி எதுக்கும்மா?"

எஸ்லின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எட்டி அவள் காதோரம் வந்தாள். "ஸ்கர்ட் நனைஞ்சிடுச்சு ஆன்ட்டி. பசங்க பாக்கக் கூடாதுல்ல? டீச்சர் பீரோல வேற ஸ்கர்ட் வெச்சிருந்தாங்க. மாத்திட்டோம். யாருக்கும் தெரியாது."

இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. டாக்டர் சொல்லவில்லை, டீச்சர் நோட்டிலும் இல்லை. மாரம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது வினோதா அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சேதி வந்ததும் நான் ஓடி வரலைன்னு கோவமா சாமி?"

வினோதா யோசித்தாள். "வந்திருந்தா நீ அழுது என்னை எழுப்பியிருப்ப. நான் நல்லா தூங்குனேன்" என்றாள். "மத்தியானச் சாப்பாட்டு முட்டைதான் போச்சு. எஸ்லின் எடுத்து வெச்சிருந்தா, பாதிய அவளே தின்னுட்டா."