எண்பத்தாறு சென்டிமீட்டர்

சட்டத்துக்கு அழுகை தெரியாது, தாய்ப்பால் தெரியாது. டேப் மட்டும் தெரியும். எண்பத்தாறு சென்டிமீட்டர் உயரம் வரை உள்ள பிள்ளை போடும் பின்னலாடை என்றால் அது கைக்குழந்தை உடை, சுங்க அட்டவணையில் 6111. ஒரு சென்டிமீட்டர் கூடிப் போனாலும் அது கைக்குழந்தை இல்லை. அதன் ஸ்வெட்டர் மீசைக்காரன் ஸ்வெட்டரோடு சேர்ந்து 6110-க்குப் போய்விடும்.

திருப்பதியில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் இந்த எண்ணைத் தீர்மானிப்பதுதான் என் வேலை. இறக்குமதியாகும் துணிகளின் சாம்பிள் சென்னையிலிருந்து பார்சலில் வரும். கழுத்துப் பட்டியில் 80, 86, 92 என்று பிள்ளையின் உயரத்தையே சைஸாக அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து எழுத வேண்டும். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொந்தக்காரர்களுக்குப் பொறாமை வேறு.

சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போகிறேன். வழியில் புத்தலப்பட்டு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஏழு மாதத்துக்கு முன், ஜுரத்தில் துவண்டு கிடந்த மகள் கீர்த்தியைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, அங்கேதான் அவள் என் மடியில் மூச்சடங்கிப் போனாள். ஒன்றரை வயது. அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக் கதவு நிலையில் அவளைச் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டிருந்தோம். எண்பது.

அடுத்த மாதம் அதற்கு மேல் இன்னொரு கோடு இருந்தது. அளந்தேன், எண்பத்தொன்று. அதற்கடுத்த மாதம் எண்பத்திரண்டு. என் வீட்டுக்காரர் ஹேமநாத்தான் போடுகிறார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு அதில் ஆறுதல் என்றால் போட்டுக்கொள்ளட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எண்பத்தைந்து வந்தபோது பிடிக்காமல் போனது. நான் இடுப்பில் வைத்துத் திரிந்தது கைக்குழந்தையை. அதற்கு மேல் வளர்ந்தவளை எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருத்தி வந்து என் வீட்டில் நின்றுவிட்டால் என் கீர்த்தி எங்கே போவாள்?

எண்பத்தாறும் வந்தது. அந்த மாதக் கடைசியில் மேலாளர் ஆதிநாராயணன் கூப்பிட்டார்.

"இன்னாம்மா தேவயானி, நைன்ட்டி டூ சைஸெல்லாம் 6111-ல போட்டு வச்சிக்கீற. மூணு வாரமா இப்படித்தான் பண்ணிக்கினு கீற."

"சின்னதாத்தான் சார் கீது."

"துணி சின்னதா பெருசான்னு எவனும் கேக்கல. போட்டுக்கிற புள்ள எவ்ளோ ஒசரம்னுதான் கேக்குறான். திருத்திக் குடும்மா."

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் எண்பத்தேழில் கோடு. கோபம் தலைக்கேறிவிட்டது. காபி குடித்துக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிலைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"எண்பத்தாறோட நிறுத்தக் கூடாதா? அவளக் கொழந்தையாவே உட்டு வையேன்."

ஹேமநாத் என்னையே பார்த்தார். "நான் எங்க போட்டேன்? அவ இருக்கசொல்ல போட்ட மொதக் கோடு ஒண்ணுதான் நான் போட்டது. மீதியெல்லாம் நீ போட்டுக்கினு கீறன்னு நெனச்சேன். கேட்டா அழுவியேன்னு உட்டுட்டேன்."

பிறகு குனிந்து கோட்டின் ஓரத்தைப் பார்த்தார். "இங்க இன்னாவோ எழுதிக்கீது பாரு. சிக்ஸ், ஒன், ஒன், ஜீரோ. இது இன்னா நம்பரு?"

அந்த வீட்டில் அந்த எண் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆறின் வயிற்றை மூடாமல் விடுவது என் பழக்கம். அங்கேயும் மூடாமல் இருந்தது. எப்போது எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் தொண்ணூற்றிரண்டு சைஸ் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து 6110 என்று எழுதினேன். கை தயங்கும் என்று நினைத்தேன். தயங்கவில்லை. ஏற்கெனவே எழுதிப் பார்த்த கை அது.