கதவு திறக்காத கணினிகள்

என் மனைவிக்கு வேலை, கணினிகளை எண்ணுவது. கடையில் அடுக்கியிருப்பவற்றை அல்ல. இணையத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பவற்றை. நான் பல் வைத்தியன். முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணிப் பழக்கமில்லை. அதனால் யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

கடைசியாக அவளிடம் வந்தது ஒலிப்புத்தக வலை. பார்வையற்றவர்களுக்காகத் தன்னார்வலர்கள் படித்துப் பதிவு செய்தவை. அதற்குப் பெரிய கிடங்கு எதுவும் கிடையாது. கேட்பவர்களின் வீட்டுக் கணினிகளே ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். புதிதாக வருகிற கணினியை மற்றவற்றுக்கு அறிமுகம் செய்துவைக்கும் வேலையை மட்டும் ஓர் அறக்கட்டளை பார்த்துவந்தது. ஆள் குறைந்துவிட்டது, மூடிவிடலாம் என்று அங்கே பேச்சு. உண்மையா என்று எண்ணிச் சொல்லச் சொன்னார்கள்.

சர்க்கரையில் கண் போன பிறகு என் அம்மாவுக்குப் பொழுது விடிவதே அந்த வலையால்தான். சோபாவுக்குப் பக்கத்தில், அந்த வலையில் சேர்ந்த ஒரு சின்னக் கணினிப் பெட்டி நாள் முழுவதும் கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

மனைவியின் நிரல் ஒரு கணினியைக் கூப்பிட்டு, ‘உனக்கு யாரையெல்லாம் தெரியும்?’ என்று கேட்கும். அது சொன்னவற்றையெல்லாம் கூப்பிடும். பதில் சொல்பவை கணக்கில் சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது முடிவைச் சொன்னாள்.

“போன வருஷம் இருந்ததுல மூணுல ஒரு பங்குதான் இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கொஞ்சம் கூட்டிச் சொல்லிடேன். யாரு போய் எண்ணப்போறாங்க?”

“அதுக்கு நான் எதுக்கு? சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கலாமே.”

“எங்கம்மாவை விட உனக்கு நம்பர் பெருசாப்போச்சா?”

கத்திவிட்டேன். அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். அம்மாதான் குறுக்கே வந்தார். “அவளை விடுடா. ஏம்மா, அந்தக் கணக்குல நான் இருக்கேனா?”

“தெரியாது அத்தை. யார் யாருன்னு நாங்க வச்சுக்கிறதில்ல. எண்ணினதும் அடையாளத்தை அழிச்சிடுவோம்.” சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தாள். “உங்க பெட்டியை மட்டும் தேடிப் பாக்கட்டுமா? நீங்க சரின்னாதான்.”

“தாராளமா தேடு. என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு, நாலு பேய்க்கதையைத் தவிர.”

மறுபடி எண்ணினாள். எங்கள் வீட்டுப் பெட்டி கணக்கில் வரவே இல்லை. ஆனால் அது சோபா பக்கத்தில் கதை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் பிடிபட்டது. எங்களுக்கு இணையம் தருகிற நிறுவனம் சமீபத்தில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்திருந்தது. உள்ளிருந்து யாரையும் கூப்பிடலாம். வெளியிலிருந்து கூப்பிட்டால் எந்த வீடு என்று தெரியாமல் அழைப்பு திரும்பிவிடும்.

“எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க. நான் கதவைத் தட்டிட்டு, ஆளே இல்லன்னு முடிவு கட்டிட்டேன்.”

“அப்ப அதையே சொல்லிடு!”

“காரணம்தானே தெரிஞ்சிருக்கு. எத்தனைன்னு தெரியலையே.”

அறக்கட்டளையிடம் தன் தவறை எழுதி அவகாசம் வாங்கினாள். இந்தமுறை யாரையும் கூப்பிடவில்லை. சில கணினிகளைச் சாதாரண உறுப்பினர்களைப்போல் வலையில் உட்காரவைத்து, தேடி வருபவற்றை எண்ணினாள். அவற்றையும் இரண்டு கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்திடம் வந்தவற்றில் எத்தனை மற்றதிடமும் வந்தன என்று பார்த்து, இரண்டிடமும் வராதவை எவ்வளவு இருக்கும் என்று கணித்தாள். அப்படியும் தன்னை நம்பவில்லை. அலுவலக நண்பர்களின் வீடுகளில் தனக்கு எண்ணிக்கை தெரிந்த பெட்டிகளை ஓடவிட்டுச் சோதித்தாள். கணக்கு அதிகமாக வந்தது. அணைத்து மறுபடி போட்ட பெட்டி புது அடையாளத்தோடு திரும்பி வந்து, கணக்கில் இரண்டாக விழுந்திருந்தது.

“கூடத்தானே வந்திருக்கு, விட்டுடேன்!” என்றேன்.

தினம் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சொல்கிற நோயாளியை நான் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். திருத்தினாள், எண்ணிக்கை இறங்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் இவளைக் கட்டிக்கொண்டதை நினைத்து அன்றைக்குப் பட்ட பெருமையை நான் எந்நாளும் பட்டதில்லை.

அறக்கட்டளையோடு பேச்சு எங்கள் சாப்பாட்டு மேசையில், அவளுடைய மடிக்கணினி வழியாகவே நடந்தது. அம்மா பெட்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு எண்களைச் சொன்னாள். போன வருடத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நடுவில் இருக்கும் இடைவெளி தனக்குத் தெரியாதது என்பதையும் மறைக்கவில்லை. மூடுவதில்லை என்று அவர்கள் சொன்னதும் நான் அவளை முந்திக்கொண்டு நன்றி சொன்னேன்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: “இப்பவாவது நான் இருக்கேனா?”

“யார் யாருன்னு நான் வச்சுக்கல அத்தை. ஆனா இந்தத் தடவை உங்களை விட்டுட்டு எண்ணல.”

அம்மா மேசையில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

“அப்ப சரி. பெட்டியைப் போடு. பேயை நடுவாசல்ல நிக்கவச்சிட்டு வந்திருக்கேன்.”