அரை மில்லிகிராம்

ஒரு படி கொள்ளும் கலத்திலிருந்து ஒன்றேகால் படி நீர் வார்த்தேன் என்பவனை எவர் நம்புவார்? ஆய்வகத்தில் கொழுந்தன் அவளிடம் நீட்டிய தாளில் இருந்த எண் அத்தகையது. சிலிக்கான் நுண்துகள்களைக் கரிப் போர்வையில் பொதிந்து அவள் செய்த கலவை, எவ்வளவு லித்தியத்தை ஏற்றாலும் அத்தனை மின்னூட்டத்தைத் தாங்காது.

கலவையைக் குழைத்துத் தாமிரத் தகட்டில் பூசுவது அவள் பணி. பூசிய தகட்டை வில்லைகளாக வெட்டி, எடையிட்டு, பொத்தான் அளவு பேட்டரியாக்கிச் சோதிப்பது அவள் கணவனின் தம்பி பணி. கட்டுரை மாலை ஐந்து மணிக்கு இதழுக்குப் போகிறது. ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் அவளுடையது. எண் பொய்த்தால் பதினோராண்டு உழைப்பும் பெயரும் ஒருசேரப் போகும்.

காலை முதலே அவன் போக்கு சரியில்லை. அவள் அருகே வந்தால் கணினித் திரையை மாற்றினான். குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடியே தேநீர் குடித்தான். சட்டைப்பையில் ஏதோ சிறு குப்பி புடைத்தது. வீட்டில் உப்புக் குறைந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவன், இன்று வாய் திறக்கவேயில்லை.

நண்பகலில் அவன் குறிப்பேட்டை வைத்துவிட்டு வெளியே போக, அவள் பக்கங்களைப் புரட்டினாள்.

“என்ன அண்ணி, வேவு பாக்கறீங்களா?”

கையும் களவுமாக அகப்பட்டவள் குரலை உயர்த்தினாள். “பையில என்ன? எடு வெளியில.”

குப்பி மேசைக்கு வந்தது. உள்ளே அவளுடைய கலவைத் தூள்.

“சிலிக்கானைக் கூடப் போட்டுட்டு, கம்மின்னு எழுதிட்டீங்களோன்னு ஒரு சந்தேகம். கரியை எரிச்சு, மிச்சத்தை நிறுத்துப் பாத்தேன்.”

“என்னையா சந்தேகப்பட்டே?”

“நீங்க மட்டும் என் நோட்டுல பூப்பறிக்கவா வந்தீங்க?”

அவள் குறிப்பேட்டை மூடினாள். “சரி, தூள் எப்படி?”

“சுத்தமா சரியா இருக்கு. அதான் தலையைப் பிச்சுக்கறேன்.”

“வில்லை எடையிலேருந்து தகட்டுக்கு எவ்வளவு கழிக்கிறே?”

“நீங்க எழுதி ஒட்டினதைத்தான்.”

தராசின் நெற்றியில் இருந்த சீட்டை இருவரும் பார்த்தனர். வெறுந்தகடு, பத்துப் புள்ளி இரண்டு மில்லிகிராம். முத்து முத்தான அவள் கையெழுத்து. அவள் பூச்சில்லாத தகட்டில் ஒரு வில்லை வெட்டித் தராசில் இட்டாள். ஒன்பது புள்ளி ஏழு.

மூன்று வாரத்துக்கு முன் பழைய சுருள் தீர்ந்ததும், அலமாரியிலிருந்து புதியதைப் பிரித்து மாட்டியவள் அவளே. புதிய தகடு சற்றே மெலிது. சீட்டு மட்டும் பழையது. இல்லாத அரை மில்லிகிராம் தாமிரம், ஒவ்வொரு வில்லையிலும் பூச்சின் எடையிலிருந்து கழிந்திருக்கிறது. எடை குறைந்ததால், கிராமுக்கு இவ்வளவு மின்னூட்டம் என்ற கணக்கு ஏறியிருக்கிறது. காலையெல்லாம் அவனைச் சுற்றிச் சுற்றி வந்த ஐயம், தன் கையின்பால் ஒருமுறையும் திரும்பாததை எண்ணி நாணினாள்.

திருத்திய எண், சென்ற ஆண்டின் எண்ணைவிட மயிரிழையே மேல். அவள் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தாள். “கட்டுரை இன்னைக்குப் போகாது சார். எடையில தப்பு. தப்பு என்னோடது.”

பிறகு புதுச் சீட்டு எழுதினாள். அதை ஒட்டுமுன் கொழுந்தன் அவள் கையைப் பார்த்தான். அதே வில்லையைத் தானும் ஒருமுறை தராசில் இட்டான்.

அவள் பசையுடன் காத்து நின்றாள்.