கழற்றிய கையுறை

"மாப்ள, மொதப் பிடி நீங்கதேன் போடணும்," என்றாள் மாமியார் கித்தேரியம்மாள்.

டிக்சன் குனிந்து அள்ளிவிட்டான். போடத்தான் வரவில்லை. மன்னவனூர் மண், கேரட்டுக்குப் பேர்போனது. கறுப்பாக, ஈரமாக விரலிடுக்கில் அப்பிக்கொண்டது. கீழே பெட்டிக்குள் அவன் மனைவி செலினா. ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார். மழை இறங்குவதற்குள் குழியை மூடிவிட வேண்டுமென்று ஊரே அவசரப்பட்டது.

செலினாவைக் கொண்டுபோனது ரத்தப் புற்றுநோய் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனுக்கல்லவா தெரியும். மருந்து ஏற்றிப் புற்றை ஓரளவு அடக்கியிருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மதுரை டாக்டர் சொன்ன கிருமியின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை.

"மண்ணுல, தண்ணியில கெடக்கிற கிருமிங்க. நம்மள ஒண்ணும் செய்யாது. இவங்களுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையே. ரொம்ப அபூர்வமா வர்றது."

"எப்படி வந்துச்சு டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்க. எப்படி வேணாலும் வந்திருக்கலாம்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்?

காய்ச்சலுக்கு முந்தின நாள் கேரட்டை லாரியில் ஏற்றிவிட்டு நேரே பஸ் பிடித்து ஓடியிருந்தான். ஆஸ்பத்திரியில் கையைத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணின் கறுப்பு போகவில்லை. கையுறை மாட்டிக்கொண்டுதான் அவள் அறைக்குள் போனான்.

"ஏங்க, அதக் கழட்டுங்களேன். எல்லாரும் ரப்பர் கையாலயே தொடுறாங்க."

கழற்றினான். அவள் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால், அதெல்லாம் இருக்காது என்பார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

"எம் மகள உள்ளங்கையில வச்சுத் தாங்குனீகளே," என்று அழுதபடி கித்தேரியம்மாள் அவன் கையைப் பிடிக்க வந்தாள். டிக்சன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அள்ளிய மண் அவன் காலடியிலேயே உதிர்ந்தது.

"போடாமப் போறீகளே, மாப்ள!"

கல்லறைத் தோட்டத்து மூலையில் இருந்த குழாயைத் திறந்தான். ஒவ்வொரு நகமாகத் தேய்த்தான். பின்னால் பெட்டியின்மேல் மண் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் மண்வெட்டிகளின் சத்தம். தண்ணீரின் குளிரில் விரல்கள் மரத்துப்போயின. குழாயை முழங்கையால் மூடினான். வேட்டியில் துடைக்காமல், எதன்மேலும் படாமல் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரம் காயட்டும் என்று நின்றான்.